பரிமாறிவிட்டு நிற்காதீர்கள், உட்கார்ந்து சாப்பிடுங்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு பேர். மகளுக்கு 14 வயது, மகனுக்கு 8. நாங்கள் வசிக்கும் பகுதியில், முன்பு தெருவிலும் தற்காலிக முகாம்களிலும் காலம் தள்ளியவர்களுக்கான ஆதரவுக் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. மாதம் ஒரு மாலை, விருப்பமுள்ள குடும்பம் சமைத்து எடுத்துவந்து அங்கிருப்பவர்களோடு சாப்பிடலாம் என்று அழைத்திருக்கிறார்கள். எனக்குப் போக ஆசை. “அந்தச் செலவைப் பணமாகவே கொடுத்துவிடலாமே, பிள்ளைகளை எதற்கு அங்கே கூட்டிப் போகணும்?” என்கிறார் கணவர். “அவங்க என்ன காட்சிப் பொருளா, நாம போய்ப் பார்த்துட்டு வர?” என்று கேட்கிறாள் மகள். மகனோ மனதில் பட்டதைச் சத்தமாகக் கேட்டுவிடுகிற ஆள். பிள்ளைகளுக்குப் பாதுகாப்பாக இருக்குமா? என்ன சமைப்பது, என்ன பேசுவது? சில மாதம் போய்விட்டு நிறுத்தினால் தவறாகுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதியவற்றில் கனமான கேள்வி உங்கள் மகளுடையதுதான். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஆதரவுக் குடியிருப்புகளில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். சாப்பாடு கொண்டுவரும் குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பலரும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்வார்கள். நீள மேஜைக்குப் பின்னால் கையுறையும் கரண்டியுமாக வரிசையாக நின்றுவிடுவார்கள். குடியிருப்பவர்கள் தட்டோடு வந்து வாங்கிக்கொண்டு போய் உட்காருவார்கள். எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை குடும்பம் நின்றபடியே புன்னகைத்துக்கொண்டிருக்கும். பிறகு பாத்திரங்களை அடுக்கிக்கொண்டு கிளம்பி, தங்கள் வீட்டில் போய்ச் சாப்பிடும். இதில் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. ஆனால் உங்கள் மகள் கூசுவது இந்தக் காட்சியைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். கரண்டி பிடித்தவர் ஒரு பக்கம், தட்டு ஏந்தியவர் மறுபக்கம். அங்கே இருப்பவர்கள் பல வருடம் இப்படிப்பட்ட வரிசையில் நின்றவர்கள். சொந்தச் சாவியோடு ஒரு வீடு கிடைத்த பிறகு, அந்த வீட்டுக்குள்ளேயே மறுபடி அதே வரிசையில் நிற்க வைப்பது நியாயமா?

அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: அவர்களோடு உட்கார்ந்து, அதே பாத்திரத்திலிருந்து எடுத்து, நீங்களும் சாப்பிடுங்கள். சமைத்ததைக் கிண்ணங்களில் மேஜை நடுவில் வைத்துவிடுங்கள். அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும். “அந்தக் கிண்ணத்தைக் கொஞ்சம் இப்படித் தள்றீங்களா?” என்று பக்கத்தில் இருப்பவர் உங்களிடம் கேட்பார், நீங்களும் அவரிடம் கேட்பீர்கள். கரண்டி உங்கள் கையில் மட்டும் இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. இதை உங்களால் செய்ய முடியுமென்றால் தயங்காமல் போங்கள். நின்று பரிமாறிவிட்டு வருவது மட்டும்தான் உங்களுக்குச் சௌகரியம் என்றால் உங்கள் கணவர் சொல்வது சரி, பணமாகக் கொடுத்துவிடுங்கள்.

அந்த இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. பலர் அதை முகாம் என்றோ மருத்துவமனை என்றோ நினைத்துக்கொண்டு வருகிறார்கள். ஆதரவுக் குடியிருப்பில் ஒவ்வொருவருக்கும் தனி அறையோ சிறு வீடோ இருக்கும். வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில். வருமானத்தில் ஒரு பகுதியை வாடகையாகக் கட்டுவார். ‘இத்தனை மாதத்தில் காலி செய்’ என்ற கெடு பொதுவாகக் கிடையாது. மருந்து, மருத்துவர், உதவித்தொகைப் படிவங்கள், பக்கத்து வீட்டோடு வரும் தகராறு என எல்லாவற்றுக்கும் துணைநிற்கப் பணியாளர்கள் கட்டடத்திலேயே இருப்பார்கள், அல்லது வந்துபோவார்கள். நீண்ட காலம் வீடில்லாமல் இருந்ததோடு மனநோய், போதைப் பழக்கம், உடல் குறைபாடு, நாள்பட்ட நோய் இவற்றில் ஏதாவது ஒன்றையும் சுமந்தவர்கள்தான் பெரும்பாலும் அங்கே இருப்பார்கள்.

ஒரு காலத்தில் இதற்கு நேர்மாறான ஏற்பாடு இருந்தது. முதலில் குடியை விடு, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடு, தகுதியைக் காட்டு, அப்புறம் வீடு தருகிறோம் என்பார்கள். நியூயார்க்கில் 1992இல் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் ‘பாத்வேஸ் டு ஹவுசிங்’ என்ற அமைப்பைத் தொடங்கி, வீட்டை முதலில் கொடுத்துவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று இதைத் தலைகீழாகத் திருப்பினார். பின்லாந்து 2008 முதல் இந்த வழியைத் தேசியத் திட்டமாகவே எடுத்துக்கொண்டது. கனடா 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் 2,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தது. வீடு முதலில் கிடைத்தவர்கள் அதைத் தக்கவைத்துக்கொண்டார்கள். வழக்கமான உதவிகள் மட்டும் கிடைத்தவர்களைவிட அவர்கள் வீட்டில் இருந்த காலம் மிக அதிகம்.

இந்த வரலாறு உங்கள் சாப்பாட்டு மேஜைவரை வருகிறது. இந்த முறையில் வீடு ஒரு பக்கம், சேவைகள் ஒரு பக்கம். மருத்துவ ஆலோசனைக்கோ கூட்டத்துக்கோ வந்தால்தான் வீடு என்ற நிபந்தனை இல்லை. உங்கள் சாப்பாட்டுக்கு வருவதும் அப்படித்தான். முப்பது பேருக்குச் சமைத்துப் போயிருப்பீர்கள், பன்னிரண்டு பேர் வருவார்கள். அந்தப் பன்னிரண்டில் நான்கு பேர் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார்கள். முகம் வாடாதீர்கள். கூட்டத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாத பதற்றம் சிலருக்கு உண்டு. இன்னும் சிலருக்கு, ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையே புதிதாகக் கிடைத்தது. அதை உங்களிடம் பயன்படுத்திப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். ஒருவர் பல மாதம் கதவோரம் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, பிறகு ஒருநாள் வந்து உட்காருவது எங்களுக்குப் பழகிப்போன விஷயம்.

வீட்டால் தீராதது தனிமை. தெருவில் இருந்தபோது கூட இருந்தவர்கள் தெருவிலேயே நின்றுவிடுகிறார்கள். கதவு, பூட்டு, கட்டில், அமைதி எல்லாம் கிடைத்த முதல் சில மாதங்களில்தான் சிலர் மிகவும் உடைந்துபோகிறார்கள். அவர்களிடம் பேசுகிறவர்கள் எல்லாம் சம்பளத்துக்குப் பேசுகிறவர்கள், என்னையும் சேர்த்து. ராபின் டன்பார் என்ற ஆய்வாளர் பிரிட்டனில் எடுத்த கணக்கெடுப்பை வைத்து 2017இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அடிக்கடி மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிடுகிறவர்கள் கூடுதல் மகிழ்ச்சியோடு இருக்கிறார்கள், தங்களுக்குத் துணைக்கு ஆள் இருப்பதாக உணர்கிறார்கள் என்பது அதன் சாரம். கணக்கெடுப்பை வைத்துச் சொல்லும் எதையும் போல இதையும் கொஞ்சம் நிதானமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் நான் மேஜையில் பார்ப்பதும் அதோடு ஒத்துத்தான் போகிறது. உங்கள் குடும்பம் அங்கே கொண்டுபோகிற பொருளில் அரிதானது, சம்பளம் வாங்காத நான்கு பேரின் ஒரு மணி நேரம். சாப்பாட்டை வேறு யாரும் கொடுத்துவிட முடியும்.

எப்படி உட்காருவது என்று இவ்வளவு சொல்ல வேண்டுமா என்று தோன்றலாம். வேண்டும். வருகிற குடும்பங்கள் கோழிக்குஞ்சுகள் மாதிரி ஒரு மேஜையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து, தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போய்விடும். பிரிந்து உட்காருங்கள். நீங்களும் மகனும் ஒரு மேஜை, கணவரும் மகளும் இன்னொன்று. உட்காரும் முன் “இங்கே உட்காரலாமா?” என்று கேளுங்கள். நீங்கள் போயிருப்பது அவர்கள் வீட்டுக் கூடம். ஒருவருக்கு ‘அவருடைய’ நாற்காலி என்று ஒன்று இருக்கும், அதில் போய் உட்கார்ந்து முதல் நாளே பகையைத் தேடிக்கொள்ளாதீர்கள்.

பேச்சு. புதியவரைப் பார்த்தவுடன் நம் வாயில் தானாக வருகிற கேள்விகள் மூன்று: சொந்த ஊர் எது, என்ன வேலை பார்க்கிறீர்கள், பிள்ளைகள் எத்தனை. மூன்றையும் அன்று வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். ஊரை விட்டு ஓடிவந்தவர் இருப்பார். வேலை போனதில் தொடங்கிய சரிவை மறக்கப் பார்ப்பவர் இருப்பார். மூன்றாவது கேள்விதான் மிக மோசம். பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பைச் சட்டப்படி இழந்தவர்கள் அங்கே இருப்பார்கள், பிள்ளைகளே ‘வராதே’ என்று சொல்லிவிட்டவர்களும் இருப்பார்கள். “எத்தனை பிள்ளைகள்?” என்று நீங்கள் சாதாரணமாகக் கேட்ட பிறகு ஒரு பெண் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனால், உங்களுக்குக் காரணம்கூடத் தெரியாது.

இப்போதைய விஷயங்களைப் பேசுங்கள். மழை, விளையாட்டு முடிவு, தொலைக்காட்சி, ஜன்னலில் வைத்திருக்கும் செடி, இந்தச் சாப்பாட்டில் என்ன குறை. உங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்கள். வேலையில் எரிச்சல், கணிதப் பாடத்தோடு மகள் படும் பாடு என்று சின்னச் சின்ன விஷயம் போதும். ஒரு பக்கம் மட்டும் கேள்வி கேட்டால் அது நேர்காணல். அப்படி நேர்காணல் செய்யப்பட்டுச் செய்யப்பட்டு அலுத்துப்போனவர்கள் அவர்கள். ஒவ்வொரு உதவிக்கும் தங்கள் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தவர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். கேட்டுவிட்டு அறிவுரை சொல்லாதீர்கள். வேலை தேடித் தருகிறேன், எனக்குத் தெரிந்த மருத்துவர் இருக்கிறார் என்று அன்று மேஜையில் வாக்குக் கொடுக்காதீர்கள். கொடுப்பது எளிது. அவர் அடுத்த மாதம்வரை அதைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்.

சாப்பிடும் முன் பிரார்த்தனை செய்வது உங்கள் வழக்கமென்றால் மனதுக்குள் செய்துகொள்ளுங்கள். அதில் எல்லோரையும் சேர்க்க வேண்டாம். தட்டுக்கு விலையாக மதப் பேச்சைக் கேட்க வேண்டியிருந்த அனுபவம் பலருக்கு உண்டு.

பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும் என்றும் கேளுங்கள். தெருவாழ்க்கை முகத்தில் வயதைக் கூட்டிவிடும். உங்கள் மகன் ‘தாத்தா’ என்று கூப்பிடுகிறவருக்கு உங்கள் கணவரின் வயதுகூட இருக்கலாம்.

மகனைப் பற்றி நீங்கள் பயப்படும் அளவுக்கு நான் பயப்படவில்லை. எட்டு வயதுப் பிள்ளையின் நேரடிக் கேள்வியை அங்கே இருப்பவர்கள் பெரியவர்களின் சுற்றிவளைத்த பேச்சைவிட எளிதாக எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அவனை ஒன்றும் சொல்லாமல் கூட்டிப் போகாதீர்கள். ‘வீடு இல்லாதவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கப் போகிறோம்’ என்று சொன்னால் அங்கே போய் “உங்களுக்கு ஏன் வீடு இல்ல?” என்று கேட்பான், கேட்கத்தான் செய்வான். அவர்களுக்கு வீடு இருக்கிறது. அவர்கள் வீட்டுக்குத்தான் போகிறோம் என்று சொல்லுங்கள். சிலர் தனக்குத்தானே பேசுவார்கள், சிலர் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள், சிலர் சத்தம் போடலாம், சிலரிடம் சிகரெட் வாடை இருக்கலாம் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். “அந்த மாமா யார்கூடப் பேசறாரு?” என்று அங்கேயே கேட்டுவிட்டால் பதறி வாயைப் பொத்தாதீர்கள். “அவருக்குச் சில சமயம் குரல்கள் கேட்கும், அது ஒரு உடல்நலப் பிரச்சினை” என்று சாதாரணக் குரலில் சொன்னால் போதும், அவன் அடுத்த கவளத்துக்குப் போய்விடுவான். பயமாக இருந்தால் உங்கள் கையை இரண்டு முறை அழுத்தச் சொல்லுங்கள். அழுத்தினால் காரணம் கேட்காமல் வெளியே கூட்டிப்போங்கள்.

அவனுக்கு ஒரு வேலையும் கொடுங்கள். தண்ணீர்க் குவளைகளை மேஜையில் வைப்பது, சாப்பிட்ட பிறகு சீட்டுக்கட்டையோ சதுரங்கப் பலகையையோ எடுத்துப்போய் “விளையாட வர்றீங்களா?” என்று கேட்பது. பெரியவர்கள் அரை மணியில் எட்டாத இடத்தைச் சதுரங்கத்தில் தோற்கிற ஒரு சிறுவன் பத்து நிமிடத்தில் எட்டிவிடுவான். ஒரு எச்சரிக்கை மட்டும்: சிலர் குழந்தையைக் கண்டதும் விலகிப் போவார்கள். அவர்களுக்குப் பின்னால் அவனை அனுப்பாதீர்கள்.

மகளை வற்புறுத்த வேண்டாம். அவள் கேட்டது சரியான கேள்வி என்று அவளிடமே சொல்லுங்கள். ஒரு முறை வந்து பார்த்துவிட்டு, அது காட்சிசாலைபோல இருந்தால் உங்களிடம் வெளிப்படையாகச் சொல்லும் பொறுப்பை அவளுக்குக் கொடுங்கள். இந்த வயதுப் பிள்ளைகள் பலர் பள்ளியில் தன்னார்வச் சேவைக்கான சான்றிதழுக்காக வருகிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் சான்றுக்காக அங்கே ஒரு படம் எடுத்துப் போகலாம் என்று நினைத்தால் அதை மட்டும் அனுமதிக்காதீர்கள். குடியிருப்பவர்களில் அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி வந்தவர் இருக்கலாம். பின்னணியில் மங்கலாக விழுந்த ஒரு முகம் அந்தப் பெண் இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். வேறு சிலர் இந்தக் கட்டடத்தில் இருப்பதை வேலையிடத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த முகவரி தெரிந்தாலே அவர்கள் கடந்த காலம் தெரிந்துவிடும். சமைத்த பாத்திரத்தை உங்கள் வீட்டு அடுப்பில் வேண்டுமானால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதே காரணத்தால், வெளியே பேருந்திலோ கடையிலோ அவர்களில் ஒருவரைப் பார்த்தால் அவர் முதலில் பேசட்டும். அவர் பக்கத்தில் இருப்பவர் “இவங்களை எப்படித் தெரியும்?” என்று கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

திரும்பி வரும் வழியில் நீங்கள் பிள்ளைகளிடம் பேசப்போவது பற்றி ஒரு கோரிக்கை. ‘பார்த்தாயா, நாம் எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள்’ என்று ஆரம்பிக்காதீர்கள். மறுநாள் தட்டில் மிச்சம் வைக்கும்போது ‘அவங்களை நினைச்சுப் பார்’ என்றும் சொல்லாதீர்கள். அந்த ஒரு வாக்கியத்தில், நேற்று சதுரங்கம் ஆடிய மனிதர் மிரட்டப் பயன்படும் உதாரணமாகிவிடுவார். யாரோடு பேசினாய், என்ன சொன்னார், யார் ஜெயித்தது என்று கேளுங்கள். வேறு எந்த வீட்டுக்குப் போய்விட்டு வந்தாலும் இதைத்தானே கேட்பீர்கள்?

இனிச் சமையல். முதலில் ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள்: வீட்டில் சமைத்ததை ஏற்பார்களா, அங்குள்ள சமையலறையிலேயே சமைக்க வேண்டுமா? இடத்துக்கு இடம் விதி மாறும். இரண்டும் முடியுமென்றால் அங்கேயே சமையுங்கள். வாசனை மாடிவரை போகும், யாராவது இறங்கிவந்து “நான் வெங்காயம் உரிக்கட்டுமா?” என்பார். உடனே சரி என்று சொல்லுங்கள். “வேண்டாம் வேண்டாம், நீங்க உட்காருங்க” என்பதுதான் நல்லெண்ணத்தோடு வருகிறவர்கள் செய்யும் பெரிய பிழை. கொடுக்கிற இடத்தில் தான் மட்டுமே இருப்பேன் என்று அடம்பிடிக்கிற விருந்தாளி யாருக்கும் சுகமில்லை. பாத்திரம் கழுவ அவர் வந்தால் கழுவட்டும், நீங்கள் துடைத்து வையுங்கள். அடுத்த மாதம் அவர் தன் கைப்பக்குவத்தில் ஒன்று செய்கிறேன் என்றால் அந்த மாதம் உங்கள் பட்டியலில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பான உணவுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்து விதிகள் போதும்: சுத்தம், பச்சையையும் சமைத்ததையும் தனித்தனியே வைப்பது, முழுதாக வேகவைப்பது, சரியான வெப்பத்தில் வைத்திருப்பது, பாதுகாப்பான தண்ணீரும் பொருள்களும். வெப்பம்தான் எல்லோரும் கோட்டைவிடும் இடம். உணவின் உட்பகுதி 70 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். பரிமாறும்வரை 60க்கு மேல் சூடாக இருக்க வேண்டும், அல்லது 5க்குக் கீழே குளிராக. இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. பயண நேரமும் இந்தக் கணக்கில் சேரும். வீட்டில் யாருக்காவது வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்திருந்தால், நின்று 48 மணி நேரம் ஆகும்வரை அவர் சமையல் பக்கமும் அந்தக் கட்டடத்தின் பக்கமும் போக வேண்டாம். உங்களுக்கு ஒருநாள் உபாதையாக முடிவது அங்கே ஒருவரை மருத்துவமனையில் சேர்த்துவிடும்.

மருந்துகளை மனதில் வைத்துச் சமைப்பது இன்னொரு சங்கதி. மனநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள், குறிப்பாக ஒலான்சபின், குளோசபின் போன்றவை, எடையையும் ரத்தச் சர்க்கரையையும் ஏற்றும். நன்கொடையாக வருவதோ பெரும்பாலும் இனிப்பும் மாவுப் பண்டமும்தான். காய்கறியும் பருப்பும் புரதமும் கொண்டுவாருங்கள், இனிப்பைச் சிறிதாக வையுங்கள். பல மருந்துகள் வாயை உலர்த்தும், அதனால் வறட்டு உணவைவிடக் குழம்போடு வருவது நல்லது, தண்ணீர் தாராளமாக இருக்கட்டும். பல் இல்லாதவர்கள், பல் வலியோடு இருப்பவர்கள் நிறையப் பேர், மென்மையாக வெந்த ஒரு பண்டமாவது இருக்க வேண்டும். லித்தியம் என்ற மனநோய் மருந்தைச் சாப்பிடுபவருக்குக் கை நடுங்கலாம். அகலமான கிண்ணம் வையுங்கள், குவளையை முக்கால்தான் நிரப்புங்கள். சமையலில் மது சேர்க்கவே வேண்டாம். குடியை விட்டவருக்கு அந்த வாசனையே சோதனை, குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிரம் என்ற மாத்திரையில் இருப்பவருக்கு உணவில் இருக்கும் சிறிதளவு மதுகூட உடம்பைப் புரட்டிப் போடும். கசகசாவையும் தவிருங்கள். அதைச் சாப்பிட்டவரின் சிறுநீர்ப் பரிசோதனை ‘போதைப்பொருள் உண்டு’ என்று காட்டிவிடலாம், அந்த ஒரு காகிதத்தில் அவருடைய வேலையோ பிள்ளையைப் பார்க்கும் அனுமதியோ தொங்கிக்கொண்டிருக்கலாம். இதற்கு மேல் பத்தியம் எதையும் நீங்களாக யோசிக்காதீர்கள், பணியாளரிடம் கேளுங்கள். ஒவ்வொரு பாத்திரத்திலும் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். ஒவ்வாமை உள்ளவர் அதைப் படித்துக்கொள்வார், தன் நோயை எல்லோர் முன்னாலும் சொல்லிக் கேட்க வேண்டியிருக்காது.

ஒருவர் மூன்று முறை எடுத்துப் போட்டுக்கொள்வார், ரொட்டியைப் பையில் வைத்துக்கொள்வார். பார்க்காத மாதிரி இருங்கள். அடுத்த வேளை வரும் என்ற நம்பிக்கை உடம்பில் ஊற வருடங்கள் ஆகும். மிஞ்சியதைச் சிறு டப்பாக்களில் போட்டு, தேதி எழுதி, எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அறையில் இருப்பது சின்ன ஃபிரிட்ஜும் ஒரு மைக்ரோவேவும்தான் என்பதை நினைவில் வையுங்கள். நன்றி சொல்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். சிலர் சொல்வார்கள், அளவுக்கு மீறியும் சொல்வார்கள். யாராவது ஒருவர் “போன தடவை உப்பு கம்மி” என்று சொன்னால் எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருக்கும். பயந்து வாங்கிச் சாப்பிடுகிறவர் உப்பைப் பற்றிப் புகார் சொல்ல மாட்டார்.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்டீர்கள். பணியாளர் இருக்கும் நேரத்தில், பொதுக் கூடத்தில் மட்டும் இருங்கள். யார் அழைத்தாலும் பிள்ளைகள் அறைகளுக்குப் போகக் கூடாது, உங்கள் கண்ணை விட்டு விலகக் கூடாது. இதில் சங்கோசம் வேண்டாம், எங்கும் பின்பற்ற வேண்டிய விதி இது. வீட்டு முகவரி, தொலைபேசி எண், பள்ளியின் பெயர் சொல்ல வேண்டாம். பணம் கேட்டால் “இங்கே பணம் கொடுக்க எங்களுக்கு அனுமதியில்லை” என்று நேராகச் சொல்லிவிடுங்கள். குடியிருப்பு நிர்வாகம் காவல்துறைச் சரிபார்ப்பு கேட்டால் கொடுங்கள். யாராவது குடித்துவிட்டு வந்தாலோ சத்தம் ஏறினாலோ சமாதானம் செய்யப் போகாதீர்கள். பணியாளர் பார்த்துக்கொள்வார், நீங்கள் பிள்ளைகளோடு அமைதியாக வெளியே வந்துவிடுங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலான மாலைகளில் நடக்கிற பெரிய விபரீதம், யாரோ ஒருவர் தொலைக்காட்சி ரிமோட்டைத் தர மறுப்பதுதான். பிள்ளைகளைக் கூட்டிப் போகும் முன் நீங்களும் கணவரும் மட்டும் ஒருமுறை போய், மேஜை எங்கே, வாசல் எங்கே, பணியாளர் யார் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

கணவரிடம் சொல்லுங்கள், பணமும் தேவைதான். படுக்கை விரிப்பு, பேருந்துக் கட்டணம், மின்விளக்கு என்று யாருக்கும் கொடுக்கத் தோன்றாத செலவுகள் அங்கே நிறைய. மாதாமாதம் ஒரு சிறு தொகையை நிபந்தனையில்லாமல் கொடுப்பது, ஒருநாள் தடபுடல் விருந்தைவிட மேல். இரண்டையும் செய்ய முடிந்தால் செய்யுங்கள். அவருக்குப் பேசுவதில் கூச்சம் இருக்கிறது என்று உங்கள் கடிதத்தின் தொனியிலிருந்து ஊகிக்கிறேன். அப்படியென்றால் குடியிருப்பின் கூடத்தில் கால் ஆடுகிற நாற்காலியைச் சரிசெய்யும் வேலையைக் கொடுங்கள். திருப்புளியோடு ஒருவர் குனிந்தால் ஆலோசனை சொல்ல நாலு பேர் சுற்றி வந்துவிடுவார்கள்.

பண்டிகை மாதத்தைக் கேட்காதீர்கள். அந்த நாள்களில் சாப்பாடு கொண்டுவர ஆள்கள் போட்டிபோடுவார்கள், ஒரே மாலையில் இரண்டு குடும்பம் வந்து நிற்கும். பண்டிகை முடிந்த பிறகு வரும் மாதங்களில் யாரும் இருக்க மாட்டார்கள். அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நிறுத்துவது. நிறுத்தலாம், தவறே இல்லை. சொல்லாமல் நிறுத்துவதுதான் தவறு. அங்கே இருப்பவர்கள் சொல்லாமல் போன மனிதர்களை ஏற்கெனவே நிறையப் பார்த்தவர்கள். ‘எப்போதும் வருவோம்’ என்று உற்சாகத்தில் சொல்லிவிடாதீர்கள். ஆரம்பத்திலேயே ‘ஆறு மாதம் வருகிறோம், பிறகு பார்ப்போம்’ என்று ஒருங்கிணைப்பாளரிடமும் மேஜையிலும் சொல்லுங்கள். ஐந்தாவது மாதம் நினைவுபடுத்துங்கள். ஒரு மாதம் வர முடியாவிட்டால் அன்று காலை சொல்லாமல் முந்தின வாரமே சொல்லிவிடுங்கள், அறிவிப்புப் பலகையில் உங்கள் பெயரை அழித்து வேறு ஏற்பாடு செய்ய எங்களுக்கு நேரம் வேண்டும். நிறுத்துவதென்று முடிவானால் கடைசி மாதம் நால்வரும் வாருங்கள், மகன் யாரோடு சதுரங்கம் ஆடுகிறானோ அவரிடம் அவனே சொல்லட்டும்.